அண்ணனுக்கு நான் கொடுத்த முழங்கால் மாத்திரை

என் ஒரே அண்ணே, லோரிக்காரா, பிடிவாதக்காரா,

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான் பிந்தித்தான் வந்தேன். அண்ணி காலையிலேயே வந்து, உன் கல்லைச் சுற்றிப் புல் பிடுங்கி, கழுவித் துடைத்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் கிளம்பிப் போகும்வரை நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயசுக்காரி அண்ணிக்குப் பயந்து ஒளிந்திருந்தாள் என்று தெரிந்தால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

சிரி. ஆனால் காரணம் தெரிந்த பிறகும் சிரிப்பாயா?

அவர் போன பின் வந்து நின்றேன்.  பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பாய் விரித்து, குடும்பமாக உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழ இதைச் சொல்ல முடியாது என்று ஜொகூர் பாருவுக்குத் திரும்பி வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஏன்டி ஊருக்குச் சொல்கிறாய் என்று கத்துவாய். கத்து. வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டதில்தான் இவ்வளவும் ஆனது.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் கவிதா எனக்குப் போன் செய்தாள். உன் ஆய்வு மருந்துக்கு ரத்தம் எடுப்பாளே, நீகூட 'ஊசி ராணி' என்று கூப்பிடுவாயே, அந்த நர்ஸ்.

"அக்கா, அண்ணனோட ரத்தம் இன்னும் எங்க ஃப்ரீசர்ல இருக்குக்கா," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன் சட்டைகளை அண்ணி கோயிலுக்குக் கொடுத்தாயிற்று. உன் லோரியை இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்கள். ரத்தம் மட்டும் சின்னச் சின்னக் குப்பிகளில் அப்படியே இருக்கிறதாம்.

"அண்ணனுக்கு அந்த மருந்தால சுரப்பி நின்னு போச்சு இல்லயாக்கா? அது ஏன் அவருக்கு மட்டும் ஆச்சுன்னு மருந்துக் கம்பெனியும் யூனிவர்சிட்டி லேப்பும் சேர்ந்து பாக்கப் போறாங்க. மிச்ச ரத்தத்த எடுத்துக்கக் குடும்பத்துல ஒரு கையெழுத்து வேணும். அண்ணிகிட்ட வாங்கித் தரீங்களா?"

 அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். "அண்ணன் மாதிரி ஆயிடக் கூடாதுன்னு இங்க ஒருத்தங்களுக்கு மருந்தயே நிறுத்தி வச்சிருக்காங்கக்கா. சோர்வா இருக்குன்னுதான் சொன்னாங்க. உடனே நிறுத்திட்டாங்க. பாவம், அவங்களுக்குக் கட்டி நல்லா குறைஞ்சுக்கிட்டு வந்துச்சு."

அண்ணே, அந்த மருந்தால் உன் சுரப்பி நிற்கவில்லை. அப்படி அவர்களை நம்ப வைத்தது நான். இந்த உலகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கே பாதிதான் தெரியும். மிச்சத்தைச் சொல்லாமலே உன்னை மண்ணுக்குள் வைத்துவிட்டேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதானே என்று கொட்டாவி விடாதே.

நீ சிகாமட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினாய். நுரையீரலில் புற்று என்றார்கள். வழக்கமான மருந்தை ஏற்றினார்கள், முடி கொட்டியது, வாய் புண்ணானது, கட்டி கொஞ்சம் சுருங்கிவிட்டு மறுபடி வளர்ந்தது. இனி என்ன என்று நாம் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் ஹஸ்லினா ஜொகூர் பாரு மருத்துவமனையில் நடக்கும் ஆய்வைப் பற்றிச் சொன்னார். மருந்து ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. அதைக் கொடுத்துக் கவனிப்பது இந்த மருத்துவமனை. உன் ரத்தத்தை அலசிப் பார்ப்பது இங்கே உள்ள பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம். மூன்று இடத்துக்காரர்களும் பார்த்ததைப் பார்த்தபடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், அப்படித்தான் இந்த மாதிரி மருந்துகள் முன்னேறுகின்றன என்று அவர் மலாய் மொழியில் பொறுமையாக விளக்கினார்.

நம் உடம்பிலேயே காவல் இருக்கிறது, புற்று அதை ஏமாற்றித் தூங்க வைத்துவிடுகிறது, இந்த மருந்து காவலை எழுப்பிவிடும் என்றார். நீ என் வீட்டுக்கு வந்து அண்ணிக்குப் போனில் சொன்ன விளக்கம்தான் எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. "காவலுக்கு நிக்கற எஸ்டேட் ஜாகாவுக்குச் சம்சு சாராயம் ஊத்திப் படுக்க வச்சிட்டுக் குலை திருடுவானுங்களே, அதான் கத. இவங்க ஜாகாவ ஒரு ஒத ஒதச்சு எழுப்பப் போறாங்க, அவ்ளோதான் லா."

அந்தத் தாள்கட்டை நீ ஒரு பக்கம் விடாமல் படித்தாய். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, லோரிக்கு ரோட்டு வரி கட்டுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படித்தாய். கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டாய். மருந்து வேலை செய்தால் விற்பார்கள், எங்களுக்கு அறிவு கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்கலாம் அல்லது கிடைக்காமலும் போகலாம் என்றார் டாக்டர். நேராகப் பேசுகிற டாக்டர் என்று அன்றைக்கே உனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதே தாளில் ஒரு வரி இருந்தது. மருத்துவரிடம் சொல்லாமல் வேறு மருந்து, ஜாமு என்கிற மலாய் மூலிகை, நாட்டு மருந்து, சந்தையில் விற்கும் மாத்திரை எதையும் சாப்பிடக் கூடாது. அதை நீ சத்தமாகப் படித்துக் காட்டினாய். நான் தலையை ஆட்டினேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீ சிகாமட்டிலிருந்து முதல் நாளே ரயிலில் வருவாய். அண்ணிக்குப் பள்ளிக் கேண்டீன் வேலை, விடுப்புக் கிடைக்காது. நான் லீவு போட்டுவிட்டு மறுநாள் காலையில் உன்னைக் கூட்டிப் போவேன். கவிதா ரத்தம் எடுப்பதற்கு முன் வரிசையாகக் கேள்வி கேட்பாள். காய்ச்சல் இருந்ததா, வயிற்றுப்போக்கு இருந்ததா, வேறு மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா. முதல் தடவை நீ இல்லை என்று சொன்னது சத்தியமான உண்மை.

இரண்டாவது தடவை நீ வந்து இறங்கியபோது உன் முகம் சாம்பல் பூத்திருந்தது. இடுப்பு எலும்பு வலி. உட்கார முடியாமல் ரயிலில் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாயாம். டாக்டர் கொடுத்த வலி மாத்திரை மலத்தைக் கட்டுகிறது என்று அதையும் நிறுத்தியிருந்தாய். உன்னைத் திட்டினேன். திட்டிக்கொண்டே கைப்பையைத் திறந்தேன்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். மருந்து ஏற்றும் பிளாஸ்டிக் குழாய் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். ஒரு குழாயில் மயிரிழை கீறல் இருந்தாலும் முழுப் பெட்டியையும் தள்ளி வைப்பேன். பெயரும் தேதியும் எண்ணும் இல்லாமல் ஒரு பை எங்கள் வாசலைத் தாண்டாது. இதற்காகவே சூப்பர்வைசர்கள் என்னைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அப்படிப்பட்டவளின் கைப்பையில் பெயரும் தேதியும் எண்ணும் இல்லாத ஒரு புட்டி இருந்தது.

எங்கள் லைனில் எல்லாரும் அதைச் சாப்பிட்டோம். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற கால்கள். கூட வேலை செய்யும் ஒருத்தி யாரிடமோ வாங்கி வந்து கொடுப்பாள். பழுப்பு நிறக் குளிகை. மூலிகை என்பாள். முழங்கால் மாத்திரை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். சாப்பிட்ட மறுநாள் படியில் ஓடலாம். எனக்குக் கேட்டது, ஆகவே நல்லது. இவ்வளவுதான் என் தரப் பரிசோதனை.

"மூலிகதாண்ணே. ஒண்ணும் பண்ணாது. ரெண்டு போட்டுக்க."

மறுநாள் காலையில் நீ மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு குடிக்க இன்னொரு கிளாஸ் தே தாரே கேட்டாய். கார் நிறுத்துமிடத்திலிருந்து என்னை முந்திக்கொண்டு நடந்தாய். கவிதா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். நீ இல்லை என்றாய்.

புட்டியை உனக்கே கொடுத்து அனுப்பினேன். காலி ஆனதும் இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன். உன் கன்னம் நிறைந்தது, பசி வந்தது, குரல் பழையபடி லோரி எஞ்சினைத் தாண்டிக் கேட்டது. "அலமாக், அண்ணே, ஆளே மாறிட்டீங்க," என்று கவிதா வியந்தாள். ஒன்பது வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஹஸ்லினா திரையைத் திருப்பிக் காட்டினார். கட்டி சின்னதாகியிருந்தது. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது.

ஜாகா எழுந்துவிட்டான் அண்ணே. அந்த மருந்து வேலை செய்தது. இதை மறக்காதே, கடைசிவரைக்கும் இதை வைத்துக்கொண்டுதான் நீ இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

அன்றைக்குக் காரில் உட்கார்ந்ததும் நான் சொன்னேன். "அண்ணே, மாத்திரையப் பத்திக் கவிதாகிட்ட சொல்லிடலாமா? மனசு ஒரு மாதிரி இருக்கு."

"பைத்தியமா உனக்கு? இப்பத்தான் கட்டி கொறையுது. சொன்னா பேர வெட்டித் தூக்கிடுவானுங்க. யாருக்கும் சொல்லக் கூடாது. உன் அண்ணிக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

சிலுவை போட்டுச் சத்தியம் செய்தேன். நீ வற்புறுத்தியதால் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. எனக்கும் பயம் இருந்தது. அதைவிட வெட்கக்கேடு, எனக்குப் பெருமையும் இருந்தது. பெரிய பெரிய கம்பெனி மருந்தோடு என் கைப்பை மருந்தும் சேர்ந்து உன்னைத் தூக்கி நிறுத்தியது என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம். என்ன திமிர் பார்.

அப்புறம் சிகாமட்டில் ஆறு ஏறியது. நீயும் அண்ணியும் உடுத்திய துணியோடு பள்ளி மண்டபத்து நிவாரண மையத்துக்குப் போனீர்கள். ரயில் இல்லை, சாலை இல்லை. போனில் நான் முதலில் கேட்டது சாப்பிட்டாயா என்று அல்ல.

"அண்ணே, மாத்திர இருக்கா?"

"வீட்டோட போச்சு. அடுப்பு மேல தண்ணி நிக்குது, நீ மாத்திரையக் கேக்கற. விடு லா, வலியத் தாங்கிக்கறேன்."

நானும் விட்டுவிட்டேன். வலி திரும்பும், பொறுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நீ எழுந்திருக்கவில்லை என்று அண்ணி அழுதார். நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் உன்னைப் படகில் ஏற்றி, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றி, அங்கிருந்து ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவந்தார்கள். நான் அவசரப் பிரிவுக்கு ஓடி வந்தபோது உன் ரத்த அழுத்தம் இறங்கிப்போய், என் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல் கிடந்தாய். உப்பு நீரும் ஊசியும் போட்டார்கள். மறுநாள் கண் திறந்து, உன் அண்ணி சாப்பிட்டாளா என்று என்னிடம் கேட்டாய்.

இனி வருவதுதான் உனக்குத் தெரியாத பாதி.

நீ மயங்கிக் கிடந்தபோது டாக்டர் ஹஸ்லினா என்னை வார்டுக்கு வெளியே அழைத்தார். நடைபாதையில் இரண்டு நாற்காலி. என்னை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து, மலாயில் மெதுவாகச் சொன்னார். சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது, உயிரைத் தாங்கிப் பிடிப்பது அது, உங்கள் அண்ணனுக்கு அது நின்றுவிட்டது. இரண்டு காரணம் இருக்கலாம். நாங்கள் எழுப்பிவிட்ட காவல் வழி தவறி அந்தச் சுரப்பியையே அடித்திருக்கலாம், இந்த மருந்தில் அபூர்வமாக அப்படி நடக்கும். அல்லது வெளியே வாங்கிய ஏதாவது மாத்திரையைச் சாப்பிட்டிருக்கலாம். மூலிகை என்று விற்பார்கள், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கும். சாப்பிட்டால் வலி பறக்கும், பசிக்கும், முகம் நிறையும். உடம்பு அதற்குப் பழகித் தன் சுரப்பியை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் ஆள் சாய்ந்துவிடுவார்.

பிறகு என் முகத்தைப் பார்த்து, அக்கா என்று மலாயில் கூப்பிட்டுக் கேட்டார். "காக், அப்படி ஏதாவது சாப்பிட்டாரா? தயவுசெய்து சொல்லுங்கள். நான் கோபப்பட மாட்டேன்."

வலி பறக்கும், பசிக்கும், முகம் நிறையும். மூன்றும் நான் கண்ணால் பார்த்தவை. நான் சாப்பிடும் புட்டி என் மடியில், கைப்பைக்குள், என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எனக்கு அந்த நிமிஷமே முழுசாகப் புரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

"இல்ல டாக்டர். ஒண்ணும் சாப்பிடல," என்றேன்.

ஏன் சொன்னேன்? சத்தியம் செய்திருந்தேன். சொன்னால் உன்னை ஆய்விலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். இதெல்லாம் நல்ல காரணம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அண்ணே, அதற்கெல்லாம் முன்னால் என் மனசில் ஓடியது வேறு. என் தலையில் வந்து விடியும், அண்ணி என்னைக் கொன்றுவிடுவார். அதுதான் முதலில் ஓடியது.

அவர் என்னை நம்பினார். நேராகப் பேசுகிறவர்கள் மற்றவர்களையும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். அன்று மாலையே 'ஆய்வு மருந்தினால் உயிருக்கு ஆபத்து' என்று கம்பெனிக்கு அறிக்கை போனது. அப்படி ஒன்று நடந்தால் அந்த நோயாளிக்கு மருந்தை நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்பது ஆய்வின் விதி. நிறுத்தினார்கள். உன்னை உள்ளே வைத்திருக்கச் சொன்ன பொய்தான் உன்னை வெளியே தள்ளியது.

நீ அழவில்லை. "நம்ம ராசி அப்படி. அந்த மருந்து எனக்கு ஒத்துக்கல," என்றாய். பார்க்க வந்த எல்லாரிடமும் அதையே சொன்னாய். நான் பழம் நறுக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கட்டி மூன்று மாதத்தில் பழைய அளவுக்கு வந்தது, ஆறாவது மாதத்தில் நீ போனாய். அந்த ஆறு மாதத்தில் உன்னோடு எத்தனை நாள் தனியாக இருந்தேன். ஒரு நாளாவது வாயைத் திறந்தேனா?

இனி கவிதாவின் போனுக்குப் பிறகு நடந்தது. பாவசங்கீர்த்தனம் செய்தால் சரியாகிவிடும் என்று கோயிலுக்குப் போனேன். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆசீர்வாதம் கொடுத்தார். எழுந்திருக்கப் போனேன். "டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப போய்ச் சொல்லுங்க. அங்க ஒருத்தங்க மருந்து இல்லாம இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க." எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது. மன்னிப்பு வாங்க வந்தவளுக்கு வேலை கொடுத்து அனுப்புகிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்புறம் நான்கு நாள் அதையும் இதையும் சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டேன். ஐந்தாம் நாள் போனேன்.

டாக்டர் ஹஸ்லினா மேசைமேல் புட்டியை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், நடைபாதையில் கைப்பைக்குள் அது இருந்தது உட்பட. அவர் கையுறை போட்டுப் புட்டியை ஒரு பைக்குள் போட்டார். 

"நான் கேட்டேனே, காக்," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் அண்ணனை ஆய்விலிருந்து தூக்கியிருப்பீர்களா என்று கேட்டேன். தெரியாது என்றார். "மாத்திரையை மெதுவாகக் குறைத்திருப்போம். கொஞ்ச நாள் மருந்தை நிறுத்தி வைத்துவிட்டு, மறுபடி தொடரலாமா என்று நான் கம்பெனியிடம் கேட்டிருப்பேன். சண்டைகூடப் போட்டிருப்பேன். அந்த வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை." அண்ணன் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகவாவது ஒரு பொய் சொல்ல அந்த டாக்டருக்குத் தெரியவில்லை.

ஃப்ரீசரில் உள்ள உன் ரத்தத்தை இனி வேறு விதமாகப் பார்ப்பார்களாம். புட்டியில் இருந்தது அதிலும் இருக்கிறதா என்று தேடுவார்கள். நான் சொன்னது அன்று மாலையே கம்பெனிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போய்விட்டது. அந்தப் பெயர் தெரியாத நோயாளிக்கு மறுபடி மருந்து ஆரம்பித்தார்களா என்று கவிதாவிடம் கேட்டேன். அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டேன், மற்றவர்கள் விஷயத்தைச் சொல்லக் கூடாது அக்கா என்றாள். அவள் முகத்திலிருந்து எதையாவது படிக்கலாம் என்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தினால் உன்னைப்போலச் சாய்வேன் என்று பயந்து இத்தனை நாள் விடாமல் சாப்பிட்ட நானும் இப்போது அந்தக் குளிகையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறேன், வாரம் வாரம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு டாக்டரின் கண்பார்வையில். உனக்குக் கிடைக்காத கவனிப்பு எனக்குக் கிடைக்கிறது.

கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு சிகாமட்டுக்குப் போனேன். அண்ணி மீன் கழுவிக்கொண்டிருந்தார். உன் ரத்தம் ஆராய்ச்சிக்குப் போகிறது என்றதும் அவருக்குக் கண் கலங்கியது. "பாத்தியா ஸ்டெல்லா, உங்கண்ணன் செத்தும் நாலு பேருக்கு ஒதவறாரு." பிறகு வழக்கம்போல ஆரம்பித்தார். "நான்தானே அந்த மருந்துக்குப் போங்க போங்கன்னு அவரப் புடிச்சுத் தள்ளினேன். நானே கொன்னுட்டேன்."

ஒன்றரை வருஷமாக அவர் இதைச் சொல்லி அழுதார் அண்ணே. ஒவ்வொரு தடவையும் நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்து, அழாதீங்க அண்ணி என்றேன். ஒரு வார்த்தையில் அந்தச் சுமையை இறக்கியிருக்கலாம். அவர் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன். உன் விஷயத்தில் நான் செய்ததற்காவது பயம் என்று ஒரு பெயர் உண்டு. இதற்கு என்ன பெயர்?

அன்றைக்கு முதுகைத் தடவவில்லை. சொன்னேன். மாத்திரை, சத்தியம், வெள்ளம், நடைபாதை, எல்லாம். அவர் மீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார், துடைத்தார், மறுபடியும் கழுவினார்.

"அப்ப அந்த மருந்து அவருக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சா?"

"ஆமா அண்ணி."

"நல்லாதான் ஆயிக்கிட்டு இருந்தாரா?"

"ஆமா அண்ணி."

அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தாளை என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துட்டுப் போ. கொஞ்ச நாளைக்கு இங்க வராத." அவ்வளவுதான். கத்தவில்லை, சபிக்கவில்லை. நான் படியிறங்கும்போது உள்ளே குழாய் மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது. இப்போது தெரிகிறதா நான் ஏன் காருக்குள் ஒளிந்திருந்தேன் என்று?

உனக்குச் செய்த சத்தியத்தை உடைத்துவிட்டேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேனே, அதற்குத்தான் கேட்கிறேன்.

இனி ஒன்று செய்வதாகச் சொல்கிறேன், இதை உடைக்க மாட்டேன். புதிதாக ஆய்வில் சேருகிறவர்களோடு பேச வருவீர்களா என்று கவிதா கேட்டாள். வருகிறேன் என்றேன். தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களிடம், கூட வந்திருக்கும் தங்கை, மகள், மருமகள்களிடம், உன் கதையை உன் பெயரும் என் பெயரும் சொல்லிச் சொல்வேன். உண்மையைச் சொன்னால் தூக்க மாட்டார்கள் என்று ஆசை காட்ட மாட்டேன். ஒருவேளை தூக்கிவிடுவார்கள். அப்படியும் சொல்லுங்கள் என்பேன். என் தொழிற்சாலை லைனிலும் சொல்லிவிட்டேன். திடீரென்று நிறுத்தாதீர்கள், முதலில் டாக்டரிடம் போங்கள் என்றேன். இரண்டு பேர் போனார்கள், மற்றவர்கள் என்னோடு பேசுவதில்லை.

போன வாரம் டாக்டர் ஹஸ்லினா திருத்திய அறிக்கையை எனக்குக் காட்டினார். 'ஆய்வு மருந்தினால்' என்று இருந்த இடத்தை மாற்றியிருக்கிறார்கள். அதில் உன் பெயர் கிடையாது, ஒரு எண்தான். என் பெயரும் கிடையாது. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி இருந்தது. 'வெளியில் வாங்கிய மாத்திரை, உறவினர் ஒருவர் கொடுத்தது.' சரியாக இருக்கிறதா காக் என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

அந்த உறவினர்,
உன் தங்கை ஸ்டெல்லா